பெட்டிதான் ஃபேன்: வீட்டு சர்வருக்கு மினி பிசி வாங்குவோர் கேள்விகள்

சென்ற இதழில் வீட்டு சர்வர் (வீட்டின் கோப்புகள், போட்டோக்கள், படங்களை எப்போதும் எட்டும்படி வைத்திருக்கும் கணினி) பற்றி எழுதியபோது, "24 மணி நேரமும் ஓடப்போகும் கணினிக்கு ஃபேன் இல்லாத மினி பிசி நல்லது" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

தஞ்சாவூர் வாசகர்: பரணில் பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடக்கிறது. ஐ5 சில்லு, 8 ஜிபி ரேம். அதையே சர்வராக்கிவிட்டால் போதாதா? புதிதாக எதற்கு வாங்க வேண்டும்?

முதல் ஒரு மாதம் அதையே ஓட்டிப் பாருங்கள். வீட்டில் யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள், போட்டோக்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதெல்லாம் காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்பதை மின்மீட்டரிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 60 நாள் என்றால் 1,440 மணி நேரம். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50, 60 வாட் இழுக்கும். 55 வாட் என்று வைத்தால் 79 யூனிட். இன்டெல் என்100 சில்லும் ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) உள்ள மினி பிசி சும்மா இருக்கையில் 7 முதல் 10 வாட் வரை எடுக்கும். 9 வாட் என்றால் 13 யூனிட். ஒரு பில்லுக்கு 66 யூனிட் வித்தியாசம். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. சர்வர் தின்னும் யூனிட் உங்கள் கணக்கின் உச்சிப் படியில்தான் போய் உட்காரும். அதனால் 66-ஐ சராசரி விலையால் பெருக்காமல், உங்கள் கடைசிப் படியின் விலையால் பெருக்கிப் பாருங்கள். புதுப் பெட்டியின் விலை எத்தனை வருடத்தில் திரும்பும் என்று அப்போது தெரியும். மூன்று வருடத்துக்கு மேல் ஆகுமென்றால் டெஸ்க்டாப்பே இருக்கட்டும்.

பழைய லேப்டாப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் இரவும் பகலும் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பிக்கொள்ளும். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் அன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

வேலூர் வாசகர்: எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாதம் அறைக்குள்ளேயே 38 டிகிரி. ஃபேன் இல்லாத பெட்டி இங்கே தாங்குமா?

தாங்கும். ஆனால் எந்தப் பெட்டி, எங்கே வைக்கிறீர்கள், சில்லுக்கு எவ்வளவு வாட் அனுமதிக்கிறீர்கள் என்ற மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஃபேன் இல்லை என்றால் சூடு இல்லை என்று பொருளல்ல. சில்லில் பிறக்கும் சூடு ஒரு செம்பு அல்லது அலுமினியக் கட்டி வழியாக மேல்மூடிக்கு ஏறி, மூடியின் வரிவரியான துடுப்புகளிலிருந்து அறைக் காற்றுக்குப் போகிறது. பெட்டிதான் ஃபேன். ஆகவே பெட்டி தொட்டால் சுடுவது நல்ல அறிகுறி, சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். கவலைப்பட வேண்டியது சில்லு 95 டிகிரியில் இருக்கும்போது மூடி வெறும் வெதுவெதுப்பாக இருந்தால்தான். நடுவில் எங்கோ வழி அடைத்திருக்கிறது.

உத்தேசக் கணக்கு ஒன்று. உள்ளங்கையளவு பெட்டி தொடர்ந்து 10 வாட்டை வெளியே தள்ளினால், மூடி அறைக் காற்றைவிட 20 முதல் 25 டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 38 என்றால் மூடி 60 பக்கம். சில்லு அதற்கும் மேலே 15, 20 டிகிரி. ஆக 75 முதல் 80. என்100 சில்லின் உச்ச வரம்பு 105 டிகிரி, அதை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80-ல் அது பல வருடம் ஓடும். அதே பெட்டியில் 20 வாட் தொடர்ந்து எரிந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இங்கேதான் விற்பனையாளர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். என்100-க்கு இன்டெல் விதித்த அளவு 6 வாட். வேகச் சோதனையில் மதிப்பெண் கூட வர வேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்கள் பயாஸில் (கணினி கிளம்பும்போது அடிப்படை அமைப்புகளைப் பார்க்கும் நிரல்) அதை 15, சில சமயம் 25 என்று ஏற்றி அனுப்புகின்றன. ஃபேன் வைத்த பெட்டியில் அது சரி. ஃபேன் இல்லாத பெட்டியில் முதல் சில நிமிடம் பறக்கும், பிறகு மூச்சு வாங்கும். பயாஸில் "பவர் லிமிட் 1" என்ற இடத்தைத் தேடி 8 அல்லது 10 வாட் என்று வையுங்கள். அதுதான் தொடர்ச்சியான வரம்பு. "பவர் லிமிட் 2" கொஞ்ச நேரத் துள்ளலுக்கானது, 15 இருக்கலாம். கோப்பு பரிமாற்றம், விளம்பரத் தடுப்பு, போட்டோ சேமிப்பு எதிலும் வேகம் குறைந்ததாகவே தெரியாது. வாங்கும் முன் விற்பவரிடம், பயாஸில் இந்த வரம்பை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்தது உட்புறத் தொடர்பு. உத்தரவாதம் போகாதென்றால், வந்தவுடன் மூடியின் நான்கு திருகைக் கழற்றிப் பாருங்கள். சில்லின் மேல் பூசிய வெப்பப் பசை, செம்புக் கட்டியின் முகத்தில் முழுச் சதுரமாக மெல்லப் படிந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் தடம் பதிந்து மறு ஓரம் பளபளவென்று சுத்தமாக இருந்தால், கட்டி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மலிவுப் பெட்டிகளில் இந்தக் குறை சாதாரணமாகக் காணக்கூடியது. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு அரிசி அளவு புதுப் பசை வைத்து, நான்கு திருகையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே மூலையை முதலில் இறுக்கினால் மறுபடி சாய்ந்துவிடும். சிலதில் பசைக்குப் பதில் தடித்த ரப்பர் போன்ற வெப்ப அட்டை இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பசை மட்டும் தடவினால் இடைவெளி நிரம்பாது. அதே தடிமனில் தரமான அட்டைதான் போட வேண்டும்.

வைக்கும் இடம்: டிவி அலமாரிக்குள் வேண்டாம், ஃப்ரிட்ஜ் மேல் வேண்டாம், ரவுட்டரின் முதுகில் அடுக்க வேண்டாம். அழகுக்காகத் துணி போர்த்துவதும் கூடாது. காற்று சூடானால் மேலே எழும் என்பதுதான் ஒரே உந்துவிசை. அதனால் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி சுவரில் மாட்டுவது மிகச் சிறந்தது. பெரும்பாலான பெட்டிகளோடு அதற்கான தகடு வரும். மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேற்குச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், மாலையில் அந்தச் சுவரே அடுப்பு.

கடைசியாகச் சோதனை. ஃபேன் இல்லாத பெட்டி மெதுவாகத்தான் சூடாகும், உலோகம் கனமானது. ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டும் வீடியோ விமர்சனத்தால் பயனில்லை. லினக்ஸில் "ஸ்ட்ரெஸ்-என்ஜி" நிரலை (சில்லை முழுச் சுமையில் ஓட்டுவது) சில்லின் நான்கு கோர்களுக்கும் (கணக்கிடும் பகுதிகள்) ஒரு மணி நேரம் ஓடவிட்டு, "சென்சார்ஸ்" கட்டளையால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யுங்கள். கடைசி மூன்று அளவுகளும் ஏறாமல் 85-க்குள் நின்றால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் வரம்பை 2 வாட் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

கோவை வாசகர்: ஜே4125, என்97, என்100, என்150, ஐ3-என்305 சில்லுகளில் எது வாங்குவது?

என்100 அல்லது என்150. இரண்டும் நான்கு கோர், 6 வாட். 2023-ல் வந்த என்100 அதிகபட்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ், 2025-ல் வந்த என்150 3.6. சர்வர் வேலையில் இந்த வித்தியாசத்தை உணரவே முடியாது, எது விலை குறைவோ அதை எடுங்கள்.

என்97 12 வாட் சில்லு. ஃபேன் இல்லாத சின்னப் பெட்டிக்குத் தேவையில்லாத சூடு. ஐ3-என்305 எட்டுக் கோர், 15 வாட். பல மெய்நிகர் கணினிகளை ஒரே பெட்டியில் ஓட்டுபவர்களுக்கு ஏற்றது, ஆனால் அதற்குக் கனமான, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட அலுமினியப் பெட்டி வேண்டும். ஜே4125 பழையது, பாதி விலைக்குக் கிடைத்தால் கோப்பு சர்வருக்குத் தாராளம்.

சில்லைவிடக் கவனிக்க வேண்டியது நெட்வொர்க் துளை. சில மலிவுப் பெட்டிகளில் 1 கிகாபிட் மட்டும் இருக்கும். நடைமுறையில் அது நொடிக்கு 110 எம்பி, வீட்டுக்குப் போதும். 2.5 கிகாபிட் இருந்தால் 280 எம்பி வரை. ஆனால் சுவிட்சும் எதிர்முனைக் கணினியும் அதே வேகத்தில் இருந்தால்தான். 2.5 கிகாபிட் பெட்டிகளில் இன்டெல் ஐ226-வி சில்லு அதிகம். சில போர்டுகளில் அது அவ்வப்போது இணைப்பை விட்டுவிடும். பயாஸில் "ஏஎஸ்பிஎம்" என்ற மின்சேமிப்பு அமைப்பை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிறது. ஓரிரு வாட் கூடும், அவ்வளவுதான்.

நாகர்கோவில் வாசகர்: என்னிடம் ராஸ்பெர்ரி பை 5 (ஒரே பலகையில் அமைந்த சிறு கணினி) இருக்கிறது. அது போதாதா?

விளம்பரத் தடுப்புக்கும் கோப்புகளுக்கும் போதும். ஆனால் மெமரி கார்டிலிருந்து ஓட்டாதீர்கள், நாள் முழுக்க பதிவுகள் எழுதி எழுதி கார்டு தேய்ந்துவிடும், எஸ்எஸ்டி மாட்டுங்கள். 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கட்டாயம். செல்போன் சார்ஜரில் ஓட்டினால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும், வெளி ஹார்ட் டிஸ்க் பாதியில் விழும். இன்னொன்று, பை 5-ல் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் வன்பொருள் கிடையாது. படம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இன்டெல் பக்கம் போங்கள். பையில் ஃபேன் இல்லாமல் ஓட்ட, பலகை முழுவதையும் மூடும் அலுமினியக் கூடு வேண்டும். சில்லின் மேல் ஒட்டும் தபால்தலை அளவுத் துண்டு நம் கோடைக்குப் போதாது.

சென்னை வாசகர்: ரிச்சி தெருவில் பழைய "தின் கிளையன்ட்" பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

தாராளமாக. மைய சர்வரோடு இணைந்து வேலை செய்ய வங்கிகளும் அலுவலகங்களும் வைத்திருந்து கழித்துவிடும் சின்னக் கணினிகள் அவை. ஃபேன் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடுவதற்கென்றே வடிவமைத்தவை, உட்புற வெப்பத் தகடு மலிவுப் புதுப் பெட்டிகளைவிட நன்றாக இருக்கும். எங்கள் பரிந்துரை டெல் வைஸ் 5070. ஜே4105 அல்லது ஜே5005 சில்லு, இரண்டு டிடிஆர்4 ரேம் துளைகள், சும்மா இருக்கையில் 5, 6 வாட்.

கடையிலேயே நான்கு விஷயம் பாருங்கள். பயாஸ் கடவுச்சொல் கேட்கிறதா? கேட்டால், உங்கள் கண்ணெதிரே கடைக்காரர் நீக்கித் தரட்டும். அடாப்டர் அசலா? இது 19.5 வோல்ட், வீட்டிலிருக்கும் 12 வோல்ட் அடாப்டர் உதவாது. உள்ளே எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை, வேகம் குறைந்த சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். தெரியாமல் வேகமான என்விஎம்இ வகையை வாங்கி மாட்டினால் கணினி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எஸ்எஸ்டியின் விளிம்பில் பொதுவாக இரண்டு வெட்டு இருப்பது சாட்டா, ஒரு வெட்டு என்விஎம்இ. நான்காவது, காசு போல வட்டமான சிஆர்2032 பேட்டரி. பெரும்பாலும் செத்திருக்கும். அது இல்லாவிட்டால் மின்தடைக்குப் பிறகு நேரமும் பயாஸ் அமைப்புகளும் அழிந்துபோகும், தானாகக் கிளம்பவும் செய்யாது. புதிதாகப் போட்டுவிடுங்கள்.

மதுரை வாசகர்: ரேம், எஸ்எஸ்டி எவ்வளவு? கூடவே வரும் பெயர் தெரியாத எஸ்எஸ்டியை நம்பலாமா? வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு செருகலாமா?

கோப்புகளும் விளம்பரத் தடுப்பும் மட்டுமென்றால் 8 ஜிபி. போட்டோக்களில் முகம் தேடும் இம்மிச் போன்ற நிரலையும் ஓட்டுவதானால் 16. என்100-க்கு ஒரே ரேம் துளைதான், ஆகவே "இப்போது 8, பிறகு இன்னொரு 8" என்ற கணக்கு நடக்காது. எடுக்கும்போதே 16 ஜிபி ஒரே துண்டாக எடுங்கள். போர்டில் பற்றவைத்த ரேம் என்றால் மாற்றவே முடியாது, இன்னும் கவனம்.

பெயர் தெரியாத எஸ்எஸ்டியை இயங்குதளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; குடும்பப் போட்டோக்களை அதில் வைக்காதீர்கள். அதிலிருக்கும் விண்டோஸையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். தீம்பொருளோடு அனுப்பப்பட்ட மினி பிசிக்கள் 2024-ல் செய்தியானதுண்டு.

தனியாக வாங்கும் என்விஎம்இ-யில் அதிவேக மாடலைத் தேடாதீர்கள். இந்தப் பெட்டிகளில் அந்தத் துளைக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ தடங்கள் (தரவு போகும் பாதைகள்) தான். ஒரு தடமே நொடிக்கு 900 எம்பி தரும். நெட்வொர்க் 280-ல் நிற்கிறது. வேகமான எஸ்எஸ்டி அதிகம் சூடாவதைத் தவிர எதுவும் செய்யாது. எஸ்எஸ்டிக்கும் அடிமூடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, அந்தத் தடிமனில் ஒரு வெப்ப அட்டை வைத்தால் அதன் சூடும் உலோகத்துக்குப் போய்விடும்.

வெளி ஹார்ட் டிஸ்க்: 2.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் கேட்கும். யுஎஸ்பி 3 துளையின் விதிப்படியான அளவு 0.9. ஒன்று ஓடும். இரண்டைச் செருகினால் ஒருநாள் பெரிய நகலெடுப்பின் நடுவில் ஒன்று மறைந்துவிடும், "டிக் டிக்" என்று சத்தம் வேறு. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக இணையுங்கள், அல்லது சொந்த 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க் வாங்குங்கள்.

இதில் ஒரு மறைகுழி உண்டு. மின்தடைக்குப் பிறகு டிஸ்க் தாமதமாக எழுந்து, லினக்ஸ் அதை இணைக்காமலே கிளம்பிவிட்டால், டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோப்புறை மட்டும் இருக்கும். டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக, கன்டெய்னர்களாக, ஓட்டும் மென்பொருள்) ஓடும் நிரல்களுக்கு அது தெரியாது. அந்த வெறும் கோப்புறைக்குள் எழுதத் தொடங்கும். எழுத்தெல்லாம் உள் எஸ்எஸ்டியில் விழுந்து அது நிரம்பி, சர்வரே நின்றுவிடும். டிஸ்க் இணையும் முன் அந்த வெறும் கோப்புறையை "சிஹெச்-ஏடிடிஆர்" கட்டளையின் "+ஐ" தெரிவால் எழுத முடியாததாகப் பூட்டிவிடுங்கள். டிஸ்க் இணைந்தால் வழக்கம்போல எழுதும், இணையாவிட்டால் நிரல் பிழை காட்டி நிற்கும். பிழை தெரிவது நல்லது. எஃப்எஸ்-டேப் கோப்பில் (கிளம்பும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) டிஸ்கை "எஸ்டிபி" போன்ற பெயரால் குறிக்காமல் அதற்கே உரிய யுயுஐடி எண்ணால் குறியுங்கள், "நோஃபெயில்" என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் கழன்ற நாளில் கணினி பாதியிலேயே நின்று திரையும் விசைப்பலகையும் கேட்கும்.

திருச்சி வாசகர்: கரண்ட் போனால்? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

இன்வெர்ட்டரில் "யுபிஎஸ்" என்றும் "நார்மல்" அல்லது "இகோ" என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் கூடுதல், ஃபேனும் விளக்கும் ஒரு கணம் துடித்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கணினி அந்தத் துடிப்பில் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவையுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸைப் பயன்படுத்தலாம், உங்கள் பெட்டியும் 12 வோல்ட் என்றால். 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி நான்கு இருந்தால் மொத்தம் சுமார் 29 வாட்-மணி. இழப்பு போக 25. சர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் என்றால் ஒன்றரை மணி நேரம் வரும். ஆனால் அது எத்தனை ஆம்பியர் தரும் என்று பாருங்கள். 2 ஆம்பியர் யுபிஎஸ்ஸில் என்100 பெட்டி சும்மா இருக்கையில் ஓடும். யுஎஸ்பி டிஸ்கும் சேர்ந்து கிளம்பும் கணத்தில் தடுமாறும். 3 ஆம்பியர் வாங்குங்கள்.

பிளக் அளவையும் கவனியுங்கள், இரண்டு வகை உண்டு. வெளிவட்டம் இரண்டிலும் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5. உள்துளை 2.5 உள்ள பிளக்கை 2.1 ஊசியில் செருகினால் உள்ளே போகும், விளக்கும் எரியும், ஆனால் லூசாக இருக்கும். மேசை அசைந்தால் சர்வர் அணையும். "காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது" என்று வந்திருக்கும் கடிதங்களுக்கு எங்கள் முதல் சந்தேகம் இதுதான்.

பயாஸில் "ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்பதை "பவர் ஆன்" ஆக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகி, தானாக எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: உப்புக்காற்று, எறும்பு, பல்லி. இவற்றுக்கு என்ன செய்வது?

ஃபேன் இல்லாத பெட்டிக்கு இதுதான் மிகப் பெரிய நன்மை. ஃபேன் என்பது உப்பையும் தூசியையும் நாள் முழுக்க உள்ளே இழுக்கும் பம்ப். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் இல்லாத, முழுதும் மூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெதுவெதுப்பான பெட்டியை எறும்புகள் தேடி வரும். பயன்படுத்தாத யுஎஸ்பி, நெட்வொர்க், எச்டிஎம்ஐ துளைகளுக்குச் சிலிக்கான் மூடி போடுங்கள், கடற்கரை ஊர்களில் முதலில் துருப்பிடிப்பது அந்தத் தகடுகள்தான். எப்போதும் ஓடும் பெட்டி அறையைவிடச் சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் படியாது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து இயக்குங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: ஜெல்லிஃபின் (வீட்டு சர்வரிலிருந்து படம் காட்டும் நிரல்) வைத்து ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் படம் காட்ட நினைக்கிறேன். என்100 தாங்குமா?

தாங்கும். பெற்றோர் வீட்டு இணையவேகத்துக்கு ஏற்ப வீடியோவைச் சுருக்கித் தரும் வேலையை என்100-ன் உள்ளிருக்கும் குவிக்சிங்க் வன்பொருள் பார்த்துக்கொள்ளும். அது இயங்காமல் கோர்களே அந்த வேலையைச் செய்தால்தான் நான்கு கோரும் நூறு சதவீதத்தில் நின்று பெட்டி கொதிக்கும். டாக்கரில் ஓட்டினால் "ரெண்டர்-டி128" என்ற சாதனத்தைக் கன்டெய்னருக்குள் காட்ட வேண்டும், "ரெண்டர்" குழுவின் அனுமதியும் வேண்டும். இந்த அனுமதியைத்தான் பலர் மறக்கிறார்கள். பிறகு ஜெல்லிஃபின் அமைப்பில் குவிக்சிங்க் தேர்ந்து, "லோ பவர் என்கோடிங்" பெட்டிகளையும் டிக் செய்யுங்கள். என்100-ல் அந்த முறை மட்டுமே உண்டு. ஏவி1 வடிவப் படங்களை இது படிக்கும், ஏவி1-ஆக மாற்றித் தராது. வசன எழுத்தைப் படத்தோடு சேர்த்து எரிக்கச் சொன்னால் வேலை பல மடங்காகும், எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: வெளியூரிலிருந்து சர்வரை எட்ட முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட கதவு) திறந்தும் பயனில்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் "வான் ஐபி" எண்ணை, அதாவது வெளி இணையப் பக்கத்து முகவரியை, பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் தெருக்கதவு அவர்கள் கையில். டெயில்ஸ்கேல் என்ற தனிவழி இணைப்பு நிரலை சர்வரிலும் செல்போனிலும் நிறுவுங்கள். இரண்டும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால் போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லை. பொது எண் கிடைத்தவர்களும் கோப்புப் பகிர்வின் 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

ஈரோடு வாசகர்: இரண்டு எஸ்எஸ்டியை ரெய்டு 1-ல் வைத்துவிட்டேன். இனி காப்புப்பிரதி தேவையில்லைதானே?

தேவை. ரெய்டு 1 என்பது ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை, ஒரு எஸ்எஸ்டி செத்தால் காப்பாற்றும். குழந்தை தவறுதலாக அழித்த ஆல்பம் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். மின்னல் அடாப்டர் வழியாக வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மினி பிசியில் இரண்டு துளை இருந்தால், இரண்டாவதை ரெய்டில் சேர்க்காமல் தினமும் இரவு 2 மணிக்கு ரெஸ்டிக் நிரலால் நகலெடுக்கும் இடமாக வைப்பது மேல். பழைய நாட்களின் நிலைகளும் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்கில் நகலெடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். ரெஸ்டிக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி ஆவணப் பெட்டியில் போடுங்கள், சர்வருக்குள் மட்டும் இருந்தால் சர்வர் போன நாளில் நகலையும் திறக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே நகலிலிருந்து ஒரு போட்டோ கோப்புறையை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, நான்கைந்து படங்களையாவது திறந்து பாருங்கள்.